லாக்ஸ் 3 படத்தாள்: கண்புரைக்கு மார்க் போடும் மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

நல்ல பொருள். ஆனால் இதன் பெயரால் எழுதப்படும் மார்க்குகளில் பாதி, இதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எழுதப்படுபவை. என் மதிப்புரை இதுதான். மீதி விளக்கம்.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். டாக்டரிடம் போவதற்கு முன் பார்வையைச் சோதித்து, சொட்டு மருந்து விட்டுப் பாவையை (கண்ணின் நடுவிலுள்ள கறுப்புத் துவாரத்தை) விரித்து, மெல்லிய ஒளிக்கோட்டை உள்ளே விட்டுக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப்பில் உட்கார வைத்து, புரை எந்த வகை, எவ்வளவு என்று குறித்து அனுப்புவது என் வேலை. அந்த "எவ்வளவு" என்பதற்குத்தான் லாக்ஸ் 3; கண் லென்ஸின் மங்கலை வகைப்படுத்தும் முறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். பின்னாலிருந்து வெளிச்சம் விழும் ஒரு சின்ன லைட் பாக்ஸ், அதன்மேல் ஒரு ஃபிலிம், அதில் 16 கண் படங்கள். அவ்வளவுதான் பொருள். புரை பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் இந்தப் பெயர் கண்ணில் படாமல் போகாது.

ஸ்லிட் லாம்ப்பை அல்வார் குல்ஸ்ட்ராண்ட் அறிமுகப்படுத்தியது 1911ல். லென்ஸின் அடுக்குகளை அதில் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிந்தும், பார்த்ததற்கு எல்லோரும் ஒரே மாதிரி மார்க் போட ஒரு வழி வர 70 வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை (பல இடங்களில் இன்றுவரை) ஒன்று பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் கதைதான். எனக்கு இரண்டு பிளஸாகத் தெரிவது பக்கத்து அறைக்காரருக்கு மூன்று பிளஸ். இரண்டுமே தப்பில்லை, ஏனென்றால் ஒப்பிட எதுவும் இல்லை. 1986ல் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து ஒரு முறை வந்தது. அமெரிக்கக் கண் மருத்துவர் லியோ சைலாக்கும் அவர் குழுவும் 1988ல் லாக்ஸின் முதல் வடிவத்தையும், அடுத்த வருஷமே இரண்டாவதையும், 1993ல் மூன்றாவதையும் வெளியிட்டார்கள். இன்று மேசையில் இருப்பது அந்த மூன்றாவதுதான்.

16 படங்களில் ஆறு, லென்ஸின் நடுவிலுள்ள நியூக்ளியஸுக்கு. ஐந்து, அதைச் சுற்றியுள்ள கார்டெக்ஸில் வரும் புரைக்கு. ஐந்து, லென்ஸின் பின்பக்க உறையை ஒட்டி வரும் புரைக்கு. இதை நாங்கள் பிஎஸ்சி என்போம். நியூக்ளியஸ் படங்களை இரண்டு தடவை பயன்படுத்த வேண்டும். மங்கல் எவ்வளவு என்று ஒரு மார்க், அது என்.ஓ. நிறம் எவ்வளவு என்று இன்னொன்று, அது என்.சி. இரண்டும் 0.1 முதல் 6.9 வரை. கார்டெக்ஸும் பிஎஸ்சியும் சி, பி என்ற எழுத்துகளில் 0.1 முதல் 5.9 வரை. ஆக ஒரு கண்ணுக்கு நான்கு எண்கள்.

வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், அங்கேதான் இதன் அருமை தெரியும். அறை இருட்டாக இருக்க வேண்டும். ஒளிக்கற்றையை மெல்லிய கோடாக்கி, பார்க்கும் திசைக்கு 45 டிகிரி சாய்த்து, நியூக்ளியஸின் நடுவில் ஃபோகஸ் செய்கிறேன். முதலில் கருவிழியின் வளைந்த கோடு, அப்புறம் ஒரு கறுப்பு இடைவெளி, அதன் பின்னால் லென்ஸ் பட்டையாகத் தெரிகிறது. இளவயசுக் கண்ணில் அந்தப் பட்டை கிட்டத்தட்டக் கண்ணாடிதான். வயசு கூடக்கூட நடுப்பகுதி மங்கலாகி, மஞ்சளாகி, சிலருக்குப் பழுப்பாகிறது. இப்போது கண்ணை எடுத்து ஃபிலிமைப் பார்க்கிறேன். மூன்றாவது படத்தைவிட மோசம், நான்காவது அளவுக்கு இல்லை, ஆனால் நான்கின் பக்கம்தான். 3.7 என்று எழுதுகிறேன். சுவரில் அடித்திருக்கும் பெயின்ட் எந்த நிறம் என்று நினைவை வைத்துச் சொல்வதற்கும், வண்ண அட்டையைச் சுவரோடு ஒட்டிவைத்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இதில். ஒரு சில விநாடிதான் கூடுதலாக ஆகும். அதையும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் நினைவிலிருந்து "என்.எஸ். 2" (நியூக்ளியஸ் புரை, இரண்டாம் படி) என்று எழுதிவிட்டு, கேட்டால் லாக்ஸ்படி என்பவர்கள்.

மங்கலுக்கும் நிறத்துக்கும் தனித்தனி மார்க் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் ஏறும், உண்மைதான். அதனாலேயே பலர் ஒரு எண்ணை யோசித்து இரண்டு இடத்திலும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் என்.ஓ. 4.1, என்.சி. 5.0 என்று பிரிந்து நிற்கும் கண்களும் வரும். அந்த மாதிரிப் பழுப்பு, உள்ளே கல்மாதிரி கெட்டியாக இருக்கக்கூடும் என்று ஆபரேஷன் செய்யப்போகிறவருக்கு முன்னெச்சரிக்கை. ஒரு கண்ணில் ஆபரேஷன் முடித்து வருகிறவரிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆகாத கண்ணால் பார்க்கும்போது, "என்ன மேடம், இந்தத் தாள் பழசா?" என்பார்கள். என்.சி. என்ற எழுத்துக்குப் பின்னால் இருப்பது அந்த மஞ்சள்தான்.

இங்கே ஒரு குறை, சின்னதில்லை. நிறத்தை நிறத்தோடு ஒப்பிடும் எந்தப் பொருளும் வெளிச்சத்தை நம்பித்தான் பிழைக்கிறது. ஹாலஜன் பல்பு போட்ட ஸ்லிட் லாம்ப்பில் வெளிச்சத்தைக் குறைத்தால் அது மஞ்சளாகும், நியூக்ளியஸும் ஒரு படி பழுத்தாற்போலத் தெரியும். எல்இடிக்கு மாறினால் அதே கண் வெளுப்பாகத் தெரியும். நான் இருந்த ஓரிடத்தில் விளக்கை மாற்றிய பிறகு எல்லோருடைய என்.சி.யும் திடீரென்று இறங்கியது. புரைக்கு என்னவோ நல்ல காலம் பிறந்துவிட்டதோ என்றுதான் நினைக்கத் தோன்றும். இதைவிடக் கொடுமை கலர் ஜெராக்ஸ். அசல் ஃபிலிம் எங்கோ அலமாரியில் பூட்டிக் கிடக்க, அதன் நகலை லேமினேட் செய்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு ஆறாவது படத்தின் பழுப்பு, நான்காவது படத்து மஞ்சளாகியிருந்தது. அந்தத் தாளை வைத்து மார்க் போட்டால் எந்தப் புரையும் முற்றிப்போனதாகத்தான் வரும். கம்ப்யூட்டர் திரையில் வைத்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணுக்கு இதமான இரவு மோடை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கார்டெக்ஸ் புரைக்கு வருவோம். இதற்கு முறையே வேறு. ஒளியை நேராகப் பாவைக்குள் விட்டு, விழித்திரையிலிருந்து திரும்பி வரும் சிவப்பு வெளிச்சத்தின் முன்னால் புரை கறுப்பாகத் தெரியும்படி பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஆரங்கள் நீண்டிருக்கும். ஒன்று இங்கே, இரண்டு அங்கே என்று சிதறியிருப்பதை மனசுக்குள் ஒன்றாகத் திரட்டி, மொத்தப் பரப்பு எந்தப் படத்துக்குப் பக்கம் வருகிறது என்று சொல்ல வேண்டும். முன்பக்க ஆரங்களுக்கு ஒரு ஃபோகஸ், பின்பக்கத்துக்கு இன்னொன்று. இதில் கை பழக நாளாகும்.

பாவை நன்றாக விரியாவிட்டால் இந்த மார்க்குக்கு அர்த்தமே இல்லை. ஆரங்கள் ஓரத்தில் தொடங்குகின்றன, ஓரம், பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சர்க்கரை நோய் நீண்டகாலமாக உள்ளவர்களுக்குப் பாவை பெரும்பாலும் சரியாக விரியாது, கார்டெக்ஸ் புரை வருவதும் அவர்களுக்கு அதிகம். அதனால் நான் சி மார்க்குக்குப் பக்கத்தில் பாவை எத்தனை மில்லிமீட்டர் விரிந்தது என்றும் எழுதுகிறேன். படத்தாள் அதைக் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கேட்காத இன்னொன்று, புரை நடுவில் இருக்கிறதா ஓரத்தில் இருக்கிறதா என்பது. சி 3.5 இருக்கிறவர் ஆறின் கீழ் ஆறு வரிசையை (அதுதான் இயல்பான பார்வை; கீழ் எண் கூடக்கூடப் பார்வை குறைவு) தடங்கலில்லாமல் படித்துவிட்டு, "எனக்கு எதுக்குப்பா ஆபரேஷன்?" என்பார். ஆரம் எல்லாம் ஓரத்தோடு நின்றிருக்கும். சி 1.5 இருக்கிற இன்னொருவருக்கு ஒரே ஒரு ஆரம் பாவையின் நடு வரை நீண்டு, எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும். மொத்தப் பரப்பை மட்டும் அளந்தால் இது வராது. உலகச் சுகாதார அமைப்பு 2002ல் வெளியிட்ட எளிய முறை இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. அதில் மார்க் 0 முதல் 3 வரைதான், தசமம் கிடையாது. கார்டெக்ஸ் புரை சுற்றளவில் எட்டில் ஒரு பங்கா, கால்வாசியா, பாதியா என்று பார்க்க வேண்டும். நடுவில் உள்ள 3 மில்லிமீட்டரை அது தொடுகிறதா என்பதற்குத் தனியாக ஒரு குறி. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்க வேண்டிய முகாமில் என்னை உட்கார வைத்தால், லாக்ஸை எடுத்து வைத்துவிட்டு அதைத்தான் கையில் எடுப்பேன்.

பிஎஸ்சி. என் மேசையில் அதிகம் குழப்பம் பண்ணுவது இதுதான். பின்பக்க உறையின் நடுவில், சின்னதாக, சொரசொரப்பாக ஒரு திட்டு. பி 1.8 என்று எழுதுவேன், தாளில் பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் தையல் வேலை செய்கிறவர். "நிழல்ல உக்காந்தா ஊசி தெரியுதும்மா, ஜன்னலோரம் வெளிச்சத்துக்குப் போனா தெரிய மாட்டேங்குது" என்றார். வெளிச்சம் கூடினால் நன்றாகத் தெரிய வேண்டும்தானே என்று அவர் மருமகன் சந்தேகமாகப் பார்த்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளிச்சத்தில் பாவை சுருங்குகிறது, பக்கத்தில் பார்க்கும்போது இன்னும் சுருங்குகிறது, மிச்சமிருக்கும் சின்ன துவாரத்தை அந்தத் திட்டு அடைத்துக்கொள்கிறது. இருட்டறையில் எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தால் ஆறின் கீழ் ஒன்பது வந்தது. கண்ணுக்குப் பக்கவாட்டில் விளக்கைப் போட்டுப் படிக்கச் சொன்னால் ஆறின் கீழ் இருபத்துநான்குக்கு இறங்கியது. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு எடுக்கிறவர்களுக்கும் இந்த வகை வரும், அதுவும் வயசு ஆகாதபோதே. அவர்களிடம் நான் பி எவ்வளவு என்பதற்கு முன்னால் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

இதற்கு நேர் எதிராக நியூக்ளியஸ் புரைக்காரர்கள். என்.ஓ. 3.6 இருக்கும், வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்மா, கண்ணு தானா சரியாயிடுச்சு." நியூக்ளியஸ் இறுக இறுக லென்ஸின் பவர் கூடிக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது, அதனால் பக்கத்து எழுத்து தெரிகிறது, தூரத்துப் பார்வை போய்விட்டது. அவரிடம் 3.6 என்ற எண்ணைச் சொல்லி என்ன பயன்? தூரத்துக்குக் கண்ணாடி பவரை மாற்றிக் கொடுத்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

எண்ணைச் சொல்வது என்றதும் நினைவு வருகிறது. ஒரு அப்பாவுக்கு என்.ஓ. 3.4 என்று எழுதியதை மகள் எட்டிப் பார்த்துவிட்டு, செல்போனில் ஏதோ தட்டி, "49 பர்சன்ட் புரைன்னு வெச்சுக்கலாமா மேடம்?" என்றார். 3.4ஐ 6.9ஆல் வகுத்திருக்கிறார்! கணக்கு சரி, அதற்கு அர்த்தம்தான் எதுவும் இல்லை. இது எந்தப் படத்துக்கு எவ்வளவு பக்கம் என்று சொல்லும் எண். லென்ஸில் 49 பங்கு புரை, 51 பங்கு தெளிவு என்று சொல்வதில்லை. ஆனாலும் தசமப் புள்ளியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தசமம் தந்ததுதான் லாக்ஸ் 3 முந்தைய வடிவத்தைவிடச் செய்த பெரிய முன்னேற்றம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிகள் அகலமாக இருந்தால் சின்ன மாற்றம் அதற்குள்ளேயே அமுங்கிவிடும் என்று பார்வை ஆய்வாளர் இயன் பெய்லியும் சகாக்களும் 1991லேயே காட்டியிருந்தார்கள். ஒருவரையே வருஷா வருஷம் பார்த்து, புரை ஏறுகிறதா என்று கவனிக்கிறவர்களுக்குத் தசமம் வரப்பிரசாதம்.

ஆனால் ஒரே ஆளே இரண்டு தடவை பார்த்தாலும் ஒன்றிரண்டு தசமம் முன்னே பின்னே போகும். வேறு ஆள், வேறு விளக்கு என்றால் கேட்கவே வேண்டாம். வேறிடத்தில் 3.2 என்று எழுதி வந்தவருக்கு நான் 3.0 போட்டால், "அந்தச் சொட்டு மருந்து கேக்குது போல, குறைஞ்சிருக்கு" என்று அவர் கிளம்பிவிடுவார். புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் இல்லை. அந்த 0.2 என்பது இரண்டு பேர் கண்ணுக்கும் இரண்டு பல்புக்கும் இடையிலுள்ள தூரம்.

இனி ஆபரேஷன் பக்கம். சார்ல்ஸ் கெல்மன் 1967ல் தொடங்கி வைத்த பேகோ முறையில் மீயொலி அதிர்வால் நியூக்ளியஸை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். கெட்டி கூடினால் அதிர்வும் கூட வேண்டும், கருவிழியின் உள்பக்கச் செல்கள் அதற்கு விலை கொடுக்கும். எனவே சர்ஜன்கள் என் எண்களில் முதலில் தேடுவது என்.ஓ.வையும் என்.சி.யையும்தான். அவர்களில் மூத்தவர்களுக்கு எமரி-லிட்டில் என்ற ஐந்து படி முறைதான் மனசில் இருக்கிறது, நிறத்தை வைத்தே கெட்டியைச் சொல்வது. எண்ணை வாங்கிப் பார்த்துவிட்டு "கிரேடு மூணா நாலா, அதைச் சொல்லு" என்பார்கள். கரும்பழுப்பு, கறுப்பு என்று போகும் கண்களுக்கு லாக்ஸின் ஆறாவது படத்துக்கு மேல் இடமில்லை. பார்சிலோனாவில் பர்ராக்கெர் குழு உருவாக்கிய பிசிஎன் 10 அந்தக் கடைசிப் பகுதியை விரித்துப் பத்துப் படி வரை கொண்டு போகிறது. அந்த மாதிரிக் கண்கள் நிறைய வரும் இடமென்றால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆபரேஷன் எப்போது என்பதை இந்த நான்கு எண்களும் முடிவு செய்வதில்லை. "முத்தட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று காத்திருந்த காலம் போய்விட்டது. தையல்காரருக்கு பி 1.8லேயே வேலை நின்றுவிட்டது. பேப்பர் படிக்கிற பெரியவர் என்.ஓ. 3.6ஐ வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்.

படத்தாளில் இல்லாதவை சில உண்டு, அவற்றை எழுதாமல் விட்டால் ஆபத்து. லென்ஸ் முழுவதும் வெளுத்துப்போன புரைக்குப் படம் இல்லை. பின்னால் ஒளி போகாததால் பி பார்க்கவே முடியாது. அங்கே எண் போடாமல் "தெரியவில்லை" என்று எழுதுவதுதான் நேர்மை. பின்பக்கத் துருவப் புரை என்று ஒன்று, பிறவியிலேயே வருவது, பின் உறையின் நடுவில் வட்டமாக நிற்கும். அவசரத்தில் பார்த்தால் பி 3 என்று மார்க் போட்டு விட்டுவிடலாம். ஆனால் அங்கே உறையே பலவீனமாக இருக்கலாம், ஆபரேஷனில் கிழியும் வாய்ப்பு அதிகம், சர்ஜன் தயாராகப் போக வேண்டும். லென்ஸைத் தாங்கும் இழைகள் தளர்ந்து லென்ஸ் ஆடுவது, பாவை ஓரத்தில் வெள்ளைச் செதில் படிந்திருப்பது, இவையும் அப்படித்தான். இதற்கெல்லாம் எண் கிடையாது. வாக்கியமாகத்தான் எழுத வேண்டும், கொட்டை எழுத்தில்.

இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்பார்கள். லென்ஸைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஷெய்ம்ப்ஃப்ளூக் கேமரா நியூக்ளியஸின் அடர்த்தியை எண்ணாகவே தருகிறது, என்.ஓ.வோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போகிறது, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறுவதும் இல்லை. கார்டெக்ஸிலும் பிஎஸ்சியிலும் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. ஐரிஸுக்குப் பின்னால் இருப்பது அதற்கும் தெரியாது. படத்தைக் கொடுத்தால் தானே மார்க் போடும் மென்பொருட்களில் பலவும் என்னைப் போன்றவர்கள் போட்ட மார்க்கை வைத்துப் பழக்கப்படுத்தப்பட்டவை. என் பல்பின் மஞ்சள் அதற்குள்ளும் போயிருக்கும்.

சரி, படத்தாளுக்கு என் மார்க். நியூக்ளியஸுக்கு ஐந்தில் நாலரை, கார்டெக்ஸுக்கு மூன்று, பிஎஸ்சிக்கு மூன்றரை. ஆய்வு செய்கிறவர்களும், ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்கிற இடங்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாங்கினால் லைட் பாக்ஸை ஸ்லிட் லாம்ப்புக்குப் பக்கத்திலேயே, தலையைத் திருப்பினால் தெரியும் உயரத்தில் வையுங்கள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டுமென்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பல்பு மாற்றிய தேதியை அதன் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

பரிசோதனைக்கு வருகிறவர்கள், "எத்தனை பர்சன்ட்?" என்று கேட்பதற்குப் பதிலாகச் சீட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த வகைப் புரை, கண்ணாடி போட்டுப் பார்வை எவ்வளவு, பக்கவாட்டில் விளக்கைப் போட்டால் எவ்வளவு. மூன்றாவது பெரும்பாலும் இருக்காது. கேட்டால் செய்வார்கள். ஆனால் பாவையை விரிப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள், மருந்து விட்ட பிறகு அந்தச் சோதனை செல்லாது. அப்புறம், அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள். மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குப் பக்கத்து எழுத்து தெரியாது, வெயில் கண்ணைக் குத்தும்.